முதலில் தரையைச் சுத்தம் செய்யுங்கள்!

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தால் முதல் மாதம் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பிள்ளைகளின் படிப்பிற்கு என்று சொல்லித்தான் வாங்குகிறோம். இரண்டாவது வாரமே அதில் கேம்ஸ் ஓடத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் போகிமான் ஷோடவுன் என்ற விளையாட்டில் இறங்கினான். இதற்கு சிடி வாங்க வேண்டாம். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பிரவுசரைத் திறந்தால் போதும். இலவசமாகவே விளையாடலாம்.

ஒரு நாள் மாலை கீபோர்டில் ஓங்கித் தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். "அப்பா, இந்த கம்ப்யூட்டர் ஏமாத்துதுப்பா. நான் அடிக்கிறதுக்கு முன்னாடியே என் ஆளுங்க பாதி உயிரோடதான் உள்ள வர்றாங்க. இனிமே நான் இதை விளையாடவே மாட்டேன்" என்றான். தொடர்ச்சியாகப் பன்னிரண்டு ஆட்டங்களில் தோற்றிருந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

கம்ப்யூட்டர் ஏமாற்றுவதில்லை. அதில் எது நடந்தாலும், ஏன் நடந்தது என்று எங்கேயாவது ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். நாம்தான் அதைப் படிப்பதில்லை. ஷோடவுனிலும் ஒவ்வொரு அடியும் திரையின் ஓரத்தில் வரிவரியாகப் பதிவாகிறது. ஆட்டம் முடிந்த பின் அதனை ரீப்ளேயாக சேமித்தும் வைத்துக் கொள்ளலாம். அவன் கடைசியாகத் தோற்ற ஆட்டத்தை இருவரும் சேர்ந்து முதலிலிருந்து படித்தோம். அப்போது நான் கற்றுக் கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கருத்து இதுதான். போட்டி விளையாட்டில் புதியவர்கள் தோற்பதற்கு முக்கியக் காரணம் பலவீனமான தாக்குதல் அல்ல. தரையைச் சுத்தம் செய்யாததுதான்.

விளையாட்டு என்ன?

டிவியில் பிக்காச்சுவைப் பார்த்தவர்களுக்கு போகிமானை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஜப்பானின் கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கி, நிண்டெண்டோ மூலம் 1996-ல் வெளியான விளையாட்டு இது. நிண்டெண்டோவின் கேம் சாதனங்களில்தான் மூல விளையாட்டுகள் இயங்கும். ஷோடவுன் என்பது ரசிகர்கள் உருவாக்கிய தளம். கதை, ஊர் சுற்றல் எதுவும் இல்லாமல், நேரடியாகப் போட்டியை மட்டும் நடத்தித் தருகிறது.

விதிகள் எளிமையானவை. இருவரிடமும் ஆறு ஆறு போகிமான்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு மூவ். அதாவது உங்கள் அணிக்கு மொத்தம் 24 மூவ். களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்பார். ஒவ்வொரு டர்னிலும் நீங்கள் ஒரு மூவைப் பயன்படுத்தலாம், அல்லது நிற்பவரைத் திரும்ப அழைத்து வேறொருவரை உள்ளே அனுப்பலாம். நெருப்பு, நீர், பாறை, எஃகு என்று பதினெட்டு வகைகள் உள்ளன. எந்த வகை எதற்கு அஞ்சும் என்பதைப் பார்த்து ஆள் மாற்றுவதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். எனவே நன்றாக விளையாடுபவர்கள் அடிக்கடி ஆள் மாற்றுவார்கள்.

அந்த ஆள் மாற்றத்தைக் குறி வைத்துத் தரையில் பரப்பப்படுபவைதான் ஹஸார்ட்ஸ். இங்கே அவற்றை தரைக் கண்ணிகள் என்றே எழுதுகிறேன். எதிரி ஒரு டர்ன் செலவிட்டு இதனை உங்கள் பக்கத்தில் வைத்துவிடுவார். அதன் பின் நீங்கள் உள்ளே அனுப்பும் ஒவ்வொருவரும் அதன் மேல்தான் கால் வைக்க வேண்டும். யாரும் அகற்றாவிட்டால் ஆட்டம் முடியும் வரை அது அங்கேயே இருக்கும்.

நான்கு கண்ணிகள்

1. ஸ்பைக்ஸ்: முதலில் வந்தது இதுதான். 1999-ல் வெளியான கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் அறிமுகமானது. முள்ளைத் தூவுவது போன்றது. அப்போது ஓர் அடுக்கு மட்டுமே தூவ முடிந்தது. 2002-ல் வந்த ரூபி, சஃபையரிலிருந்து மூன்று அடுக்குகள் வரை தூவலாம். உள்ளே வருபவரின் முழு உயிரில், ஓர் அடுக்கு என்றால் எட்டில் ஒரு பங்கு, இரண்டு என்றால் ஆறில் ஒரு பங்கு, மூன்று என்றால் நான்கில் ஒரு பங்கு போய்விடும். பறக்கும் வகையினருக்கும், மிதக்கும் திறன் உள்ளவர்களுக்கும் பாதிப்பு இல்லை.

2. டாக்ஸிக் ஸ்பைக்ஸ்: 2006-ல் டயமண்ட், பேர்ல் விளையாட்டுகளில் வந்தது. இது விஷ முள். ஓர் அடுக்கு என்றால் சாதாரண விஷம். இரண்டு அடுக்கு என்றால் டர்னுக்கு டர்ன் ஏறிக் கொண்டே போகும் விஷம். தரையில் நிற்கும் விஷ வகைப் போகிமான் ஒன்று உள்ளே வந்தால், இந்த முட்களை உறிஞ்சி அழித்துவிடும்.

3. ஸ்டெல்த் ராக்: இதுவும் 2006-ல் வந்ததுதான். நான்கில் மிகவும் ஆபத்தானது. கூரிய கற்கள் காற்றில் மிதந்து கொண்டிருக்கும். பறப்பவர்களும் தப்ப முடியாது. பாறை வகைக்கு நீங்கள் எவ்வளவு அஞ்சுவீர்களோ அந்த அளவுக்கு அடி விழும். சாதாரணமாக 12.5 சதவீதம். பாறைக்கு அஞ்சுபவர் என்றால் 25. இரண்டு வகைகளுமே பாறைக்கு அஞ்சினால் 50. பாறையைத் தாங்குபவருக்கு 6.25 அல்லது 3.125 தான்.

4. ஸ்டிக்கி வெப்: 2013-ல் எக்ஸ், ஒய் விளையாட்டுகளில் வந்தது. ஒட்டும் வலை. உயிரைக் குறைக்காது. உள்ளே வருபவரின் வேகத்தை ஒரு படி குறைத்துவிடும். வேகத்தை நம்பி ஓடும் அணிக்கு இது ஒன்றே போதும்.

என் மகனின் கணக்கு

அவன் அணியைச் சொல்கிறேன். சாரிசார்ட், வோல்கரோனா, கயரடாஸ், டிராகனைட், பிக்காச்சு, லூக்காரியோ. எல்லாம் அவனுக்குப் பிடித்தவை. பார்ப்பதற்கும் கம்பீரமானவை. 24 மூவ்களும் அடிப்பதற்கு அல்லது அடியின் பலத்தைக் கூட்டுவதற்கு மட்டுமே. அகற்றும் மூவ் ஒன்றுகூட இல்லை.

எதிரி முதல் டர்னிலேயே ஸ்டெல்த் ராக் வைத்தார். அவர் அதற்காகச் செலவிட்டது அந்த ஒரு டர்ன் மட்டும்தான். இப்போது பட்டியலைப் பாருங்கள். சாரிசார்ட் நெருப்பும் பறத்தலும் சேர்ந்தது. முதல் முறை நுழைந்தபோது 50 சதவீதம் போயிற்று. பின்னர் சிறிய அடி ஒன்று வாங்கித் திரும்பியது. இரண்டாம் முறை நுழைந்தபோது, மீதமிருந்த 40-ம் கல்லாலேயே போய், எதிரி கை வைக்காமலே விழுந்தது. வோல்கரோனா பூச்சியும் நெருப்பும் சேர்ந்தது. ஒரு முறை நுழைந்தது, 50. கயரடாஸ் இரண்டு முறை, 50. டிராகனைட் இரண்டு முறை, 50. பிக்காச்சு ஒரு முறை, 12.5. லூக்காரியோ ஒரு முறை, 3.125.

கூட்டினால் 255 சதவீதத்திற்கு மேல் வருகிறது. ஆறு பேரின் மொத்த உயிர் 600 என்று வைத்துக் கொண்டால், அதில் 255-ஐ அவன் எதிரியின் ஒரே ஒரு டர்னுக்குக் கொடுத்துவிட்டான். அதாவது இரண்டரை போகிமான்களை வாசலிலேயே இழந்துவிட்டு, மூன்றரை பேருடன் ஆறு பேரை எதிர்த்திருக்கிறான். அதிலும் டிராகனைட்டுக்கு மல்டிஸ்கேல் என்று ஒரு திறன் உண்டு. உயிர் முழுவதும் இருக்கும்போது வாங்கும் அடியைப் பாதியாகக் குறைக்கும். ஒரு கல் பட்டுவிட்டால் உயிர் முழுதாக இருக்காது; எனவே அந்தத் திறனும் வேலை செய்யாது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அவன் வெகு நேரம் பேசவில்லை.

உங்கள் அணி இவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும் கணக்கு இதுதான். ஒவ்வொரு நுழைவுக்கும் 12.5 சதவீதம் என்றாலும், எட்டு முறை ஆள் மாற்றினால் ஒரு போகிமானின் முழு உயிர் கரைந்துவிடும். கல்லோடு மூன்று அடுக்கு முள்ளும் சேர்ந்தால், தரையில் நடப்பவருக்கு நுழைவு ஒன்றுக்கு 37.5 சதவீதம். மூன்று முறை வந்தாலே ஒருவர் காலி.

அகற்றும் வழிகள்

சரி, எப்படி அகற்றுவது? முக்கியமான வழிகள் இரண்டு.

முதலாவது ராபிட் ஸ்பின். 1999-ல் ஸ்பைக்ஸுடன் சேர்ந்தே வந்தது. சுழன்று அடித்து உங்கள் பக்கத்தில் உள்ள கண்ணிகளை மட்டும் நீக்கும். எதிரியின் பக்கத்தில் நீங்கள் வைத்தவை அப்படியே இருக்கும். 2019-ல் வந்த ஸ்வார்ட், ஷீல்டு விளையாட்டுகளில் இதன் பலம் 20-லிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டது. அடித்தவரின் வேகமும் ஒரு படி கூடும்படி மாற்றப்பட்டது. இதில் உள்ள குறை என்னவென்றால், இது நார்மல் வகை மூவ். பேய் வகையினர் மீது படாது. படாவிட்டால் அகற்றவும் முடியாது. அதனால் நீங்கள் சுழலப் போகிறீர்கள் என்று தெரிந்தவுடன் எதிரி ஒரு பேயை உள்ளே அனுப்புவார். ஸ்டார்மி சுழல வரும்போது கெங்கார் குறுக்கே வந்து நிற்பது மிகப் பழைய காட்சி.

இரண்டாவது டீஃபாக். 2006-ல் இது வந்தபோது வழியில் உள்ள மூடுபனியை விலக்குவதே இதன் வேலை. சண்டையில் எதிரியின் பக்கத்துக் கண்ணிகளை மட்டும் நீக்கியது. நாமே வைத்ததை நாமே நீக்க எதற்கு ஒரு மூவ்? எனவே யாரும் பயன்படுத்தவில்லை. 2013-ல் இதனை இரண்டு பக்கமும் நீக்கும்படி மாற்றினார்கள். அதன் பின்தான் இதற்கு மதிப்பு வந்தது. பேய் இதனைத் தடுக்க முடியாது. ஆனால் உங்கள் கண்ணிகளும் சேர்ந்து போய்விடும். மேலும், டீஃபாக் எதிரியின் தப்பும் திறனை ஒரு படி குறைக்கிறது. டிஃபையன்ட் என்ற திறன் உள்ள கிங்காம்பிட் போன்றவை எதிரே நின்றால், இந்தக் குறைப்பையே சாக்காக வைத்துத் தங்கள் தாக்குதலை இரண்டு படி ஏற்றிக் கொள்ளும்.

இவை தவிர வேறு சிலவும் உள்ளன. கோர்ட் சேஞ்ச் என்னும் மூவ் மூலம் சிண்டரேஸ் இரண்டு பக்கத் தரைகளையும் இடம் மாற்றிவிடும். அவர் வைத்த முள் அவர் காலிலேயே குத்தும். 2022-ல் வந்த ஸ்கார்லெட், வயலெட்டில் மார்ட்டல் ஸ்பின் சேர்ந்தது. இது விஷ வகைச் சுழற்சி. அகற்றுவதோடு எதிரிக்கு விஷமும் ஏற்றும். அதே விளையாட்டில் மவுஸ்ஹோல்டுக்கு டைடி அப் தரப்பட்டது. இரண்டு பக்கத் தரையையும் கூட்டிவிட்டு, தன் தாக்குதலையும் வேகத்தையும் உயர்த்திக் கொள்ளும்.

வைக்கவே விடாமல் தடுக்கவும் முடியும். டான்ட் என்ற மூவைப் போட்டால், எதிரி சிறிது நேரத்திற்கு அடிக்கும் மூவ்களை மட்டுமே பயன்படுத்த முடியும். மேஜிக் பவுன்ஸ் திறன் உள்ள எஸ்பியான், ஹேட்டரீன் போன்றவை, வைக்க வந்த கண்ணியை வைத்தவர் பக்கமே திருப்பி அனுப்பும். கம்ப்யூட்டரில் வைரஸ் வந்த பின் நீக்குவது ஒரு வழி, வராமல் தடுப்பது ஒரு வழி. அதே போலத்தான் இதுவும். இரண்டும் தேவை. ஒன்று இருக்கிறது என்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

பூட்ஸ் மட்டும் போதுமா?

என் மகனின் நண்பன் ஒருவன் எளிய வழி ஒன்று சொன்னான். "எல்லாருக்கும் பூட்ஸ் மாட்டி விட்டுடு, முடிஞ்சுது." 2019-ல் வந்த ஹெவி ட்யூட்டி பூட்ஸ் என்ற பொருளைத்தான் அவன் சொன்னான். இதனை அணிந்தவர் எந்தக் கண்ணியின் மீதும் பயமின்றி நடக்கலாம். அதன் பின் பலரும் அகற்றும் மூவையே மறந்துவிட்டார்கள்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூரை ஒழுகும் வீட்டில் ஓட்டை மாற்றாமல், ஆளுக்கொரு குடை வாங்கிக் கொடுப்பது போன்றது இது. நனையாமல் இருக்கலாம், உண்மைதான். ஆனால் இரண்டு கைகளாலும் செய்ய வேண்டிய வேலையை ஒரு கையால் செய்ய வேண்டியிருக்கும்.

ஏன் என்று பாருங்கள். ஒரு போகிமான் ஒரே ஒரு பொருளைத்தான் வைத்திருக்க முடியும். பூட்ஸ் அணிந்தால் லெஃப்ட் ஓவர்ஸ் கிடையாது. அது டர்னுக்கு டர்ன் பதினாறில் ஒரு பங்கு உயிரைத் திரும்பத் தரும் பொருள். வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் ஸ்கார்ஃபும் கிடையாது. பிக்காச்சுவுக்கு லைட் பால் என்ற பொருள் தாக்குதல் பலத்தையே இரட்டிப்பாக்குகிறது. அதனை எடுத்துவிட்டு பூட்ஸ் மாட்டினால், பாதி பலமுள்ள பிக்காச்சுதான் பத்திரமாக உள்ளே வரும். அதனால் யாருக்கு என்ன லாபம்?

அடுத்தது, பூட்ஸைக் கழற்ற முடியும். நாக் ஆஃப் என்ற மூவ் எதிரி வைத்திருக்கும் பொருளைத் தட்டிவிடும். 2013-லிருந்து இதன் பலம் 65. தட்டிவிடக் கூடிய பொருள் இருந்தால் அடி மேலும் ஒன்றரை மடங்கு. ஒரே அடியில் பூட்ஸ் போய்விடும். தரையில் கல்லும் முள்ளும் அப்படியே இருக்கும். அப்போது என்ன செய்வீர்கள்? அகற்றும் ஆள் அணியில் இல்லை. ஒருவர் பின் ஒருவராக பூட்ஸ் இழப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பூட்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நுழைந்தவுடன் பாதி உயிரை இழக்கும் சாரிசார்டுக்கும் வோல்கரோனாவுக்கும் அது கட்டாயம் வேண்டும். அகற்றுபவர் தன் வேலையை முடிப்பதற்குள் அவசரமாக உள்ளே வர நேரலாம் அல்லவா? ஆனால் ஆறு பேருக்கும் பூட்ஸ் என்பது பிரச்சினையைத் தீர்ப்பது அல்ல. பிரச்சினையோடு வாழப் பழகிக் கொள்வது.

தடை செய்யலாமா?

இன்னொரு வாதமும் உண்டு. ஸ்டெல்த் ராக் ஒரே டர்னில் இவ்வளவு தருகிறது; நெருப்பு, பறத்தல், பூச்சி, பனி வகைகளை மட்டும் ஓரவஞ்சனையாகத் தண்டிக்கிறது; எனவே போட்டிகளில் தடை செய்ய வேண்டும் என்கிறார்கள் சிலர். என் மகனும் முதலில் இதைத்தான் சொன்னான். "இது அநியாயம்ப்பா, இதை எடுத்துடணும்."

அநியாயம் என்ற பகுதியை நான் ஏற்கிறேன். எஃகும் மல்யுத்தமும் சேர்ந்த லூக்காரியோ 3 சதவீதமும், அருகில் நிற்கும் சாரிசார்ட் 50 சதவீதமும் கொடுக்க வேண்டும் என்பது சமமான விதி அல்ல. ஆனால் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஆள் மாற்றுவதற்கு விலையே இருக்காது. ஆபத்து வந்தால் மாற்று, மறுபடி மாற்று என்று இருவரும் மாற்றிக் கொண்டே இருக்கலாம். ஆட்டம் முடியாமல் இழுக்கும். கண்ணிதான் ஒவ்வொரு மாற்றத்தையும் யோசித்துச் செய்ய வைக்கிறது. யோசிக்க வைப்பதை எடுத்துவிட்டால் இந்த விளையாட்டில் பார்ப்பதற்குப் படங்கள் மட்டும்தான் மிஞ்சும்.

கண்ணி வலுவாக இருக்கிறது என்றால், அதனை அகற்றும் கருவிகளும் வலுவாக இருக்க வேண்டும். 2013-லும் 2019-லும் விளையாட்டை உருவாக்கியவர்கள் டீஃபாக்கையும் ராபிட் ஸ்பின்னையும் மாற்றியது இந்த வழியில்தான். சரியான வழி அதுவே. ஆனால் 2022-ல் எதிர்த் திசையிலும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். எஃகும் பேயும் சேர்ந்த கோல்டெங்கோ என்ற போகிமானைக் கொண்டு வந்தார்கள். பேய் என்பதால் ராபிட் ஸ்பின் படாது. எஃகு என்பதால் மார்ட்டல் ஸ்பின் படாது. குட் ஆஸ் கோல்டு என்ற திறனால் டீஃபாக்கும் பலிக்காது. ஒரே ஆள் மூன்று கதவுகளையும் மூடிவிடுகிறார். இதைத்தான் நான் குறையாகச் சொல்வேன். கண்ணி இருக்கட்டும். அகற்றுபவருக்கு ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும்.

அப்படியானால் கோல்டெங்கோ எதிரணியில் இருந்தால் கையைக் கட்டிக் கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். அகற்றுபவராக க்ரேட் டஸ்க் இருந்தால் நல்லது. மண்ணும் மல்யுத்தமும் சேர்ந்தது. கல் அதற்கு 3 சதவீதம்தான் உறைக்கும். ராபிட் ஸ்பின் தெரியும். மண் வகை அடிகளும் நாக் ஆஃப்பும் தெரியும். இரண்டுமே கோல்டெங்கோவுக்கு ஆகாதவை. எனவே கோல்டெங்கோ குறுக்கே வரும் என்று தோன்றும் டர்னில் சுழலாமல் அடியுங்கள். ஒருமுறை வலுவாக வாங்கிவிட்டால் அடுத்த முறை குறுக்கே வர யோசிக்கும். அப்போது சுழலலாம்.

எப்போது அகற்றக் கூடாது?

சுத்தம் நல்லது என்பதற்காக நாள் முழுவதும் கூட்டிக் கொண்டே இருக்க முடியாது. அகற்றுவதற்கும் ஒரு டர்ன் செலவாகிறது. கீழே உள்ள நிலைகளில் அகற்ற வேண்டாம் என்பது என் யோசனை.

1. உங்களிடம் இன்னும் இரண்டு பேர்தான் மீதம், இருவரும் கல்லைத் தாங்குபவர்கள் என்றால் விட்டுவிடுங்கள். இனி எத்தனை முறை உள்ளே நுழையப் போகிறோம் என்று எண்ணி, அதைச் சதவீதத்தால் பெருக்குங்கள். அது ஒரு நல்ல அடியை விடக் குறைவு என்றால் அடிப்பதே மேல்.

2. எதிரே நிற்பவர் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போன்ற மூவால் பலத்தை ஏற்றிக் கொள்ளக் கூடியவர் என்றால் அப்போது கூட்ட வேண்டாம். நீங்கள் துடைப்பம் எடுக்கும் நேரத்தில் அவர் கத்தியைத் தீட்டிவிடுவார்.

3. எதிரியின் பக்கத்தில் நீங்கள் வைத்த கண்ணி, உங்கள் பக்கம் இருப்பதை விட அவரை அதிகம் வதைக்கிறது என்றால் டீஃபாக் வேண்டாம்.

4. கண்ணி வைக்கும் எதிரி நல்ல உயிரோடு இருந்தால், நீங்கள் அகற்றியதும் அவர் மீண்டும் வைப்பார். முதலில் அவரை வீழ்த்துங்கள், அல்லது பலவீனப்படுத்துங்கள். பிறகு ஒரே முறை சுத்தம் செய்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் எழுதுவது ஆறுக்கு ஆறு, ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தைப் பற்றித்தான். போகிமானின் அதிகாரபூர்வ உலகப் போட்டிகளில் இருவருக்கு இருவராக, ஆறில் நான்கு பேரை மட்டும் தேர்ந்தெடுத்து விளையாடுகிறார்கள். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆள் மாற்றமும் குறைவு. எனவே அங்கே கண்ணிகளுக்கு அவ்வளவு வேலை இல்லை.

கூட்டுகிறவர் யார்?

கணக்கு எல்லாம் புரிந்த பின்னும் என் மகன் தயங்கினான். "கூட்டுறதுக்கு ஒரு ஆளாப்பா? அடிச்சாதானே ஜெயிக்க முடியும்?" என்றான். உள்ளே டிபன் செய்து கொண்டிருந்த அவன் அம்மா காதில் இது விழுந்துவிட்டது. "கூட்டாத வீட்ல ஒரு நாள் இருந்து பாரு, தெரியும்" என்று அங்கிருந்தே குரல் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கும் தகுதியும் எனக்கு இல்லை.

அவர் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அகற்றும் மூவுக்குத் திரையில் பெரிய எண் எதுவும் வராது. ஆட்டம் முடிந்த பின் யாரும் அதைப் பாராட்டமாட்டார்கள். சாரிசார்ட் நெருப்பைக் கக்கி ஜெயித்தது என்றுதான் சொல்வார்கள். அந்த சாரிசார்ட் முழு உயிரோடு உள்ளே வர முடிந்தது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. செய்யாதபோதுதான் அந்த வேலையின் மதிப்பு தெரியும்.

கடைசியில் அவனே முடிவெடுத்தான். கயரடாஸை எடுத்துவிட்டு க்ரேட் டஸ்க்கைச் சேர்த்தான். சாரிசார்டுக்கும் வோல்கரோனாவுக்கும் பூட்ஸ். பிக்காச்சுவிடம் லைட் பால். பிக்காச்சுவை எடுத்துவிட்டால் அணி இன்னும் பலமாகும் என்று சொல்லிப் பார்த்தேன். முறைத்தான். விட்டுவிட்டேன். பிடித்தவரை வைத்துக் கொண்டு ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத்தானே சுத்தம் செய்யும் ஆளைச் சேர்க்கிறோம்!

அடுத்த பத்து ஆட்டங்களில் நான்கில் ஜெயித்தான். ஆறில் தோற்றான். ஒன்றில் கோல்டெங்கோ குறுக்கே வந்து நின்று அவனைத் திணற அடித்தது. ஆனால் கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ரீப்ளேயைத் திறந்து, எந்த டர்னில் சுழன்றிருக்க வேண்டும் என்று தேடினான். எனக்கு அந்த நான்கு வெற்றிகளை விட இதுதான் பெரிதாகத் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இதனை விளையாடினால், மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள். முதலாவது, ஷோடவுன் பிரவுசரிலேயே இயங்குவதால், போகிமான் கேம் இலவசம் என்று வரும் கண்ட கண்ட பைல்களை டவுன்லோட் செய்ய விடாதீர்கள். இரண்டாவது, எதிரே விளையாடுபவர் முகம் தெரியாத ஒருவர். ஆட்டத்தின் ஓரத்தில் உள்ள சாட் பகுதியில் பெயர், பள்ளி, போன் நம்பர் எதையும் தர வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். மூன்றாவது, அணியின் 24 மூவ்களையும் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். அதில் ஒன்றாவது தரையைச் சுத்தம் செய்யும் மூவாக இருக்கிறதா? இல்லை என்றால் அடுத்த ஆட்டத்திற்கு முன் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைப்பம் என் கையில். அதற்கும் இந்த விளையாட்டுதான் காரணம்.